முன்னணிக்கு ஒரு பெண் தேவை

"பொம்பளைன்னா போதுமா? வேற எதுவும் பார்க்க மாட்டாங்களா?"

"உயிரோட இருக்கணும். பதினெட்டு வயசு ஆகியிருக்கணும். அவ்வளவுதான் தலைவரே."

"அப்போ என் தங்கச்சி?"

"அவங்க சுவிட்சர்லாந்துக் குடிமகளாகி இருபது வருஷம் ஆச்சு."

"குடியுரிமை அங்க இருந்தா என்ன? மனசு இங்கதான் இருக்கு."

"மனசுக்கு ஓட்டர் கார்டு தர மாட்டாங்க தலைவரே."

சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டிருந்த ஒத்தோனே தலையை நிமிர்த்தாமலே கேட்டார். "டேய் எஜிதியோ, உன் பொண்டாட்டியக் கேளேன்."

"கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"அவ எப்பவும் எதிர்க்கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுறாளாம்."

"எப்ப இருந்து?"

"நான் முதல்முதலா நின்னப்ப இருந்து."

எங்கள் கட்சியின் அரசியல் தலைமைக்குழு கூடியிருந்தது. வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம், நுன்சியாவின் காபிக் கடையில் ஜன்னலோர மேசை. எஜிதியோ கட்சியின் தலைவர். எழுபத்தாறு வயது. கட்சி தொடங்கியதிலிருந்து அவர்தான் தலைவர், ஏனென்றால் தலைவர் தேர்தல் என்று ஒன்று வைத்தால் போட்டியிட ஒருவர், வாக்கு எண்ண ஒருவர் என்று கூடுதலாக ஆள் வேண்டும். பாலாடைக்கட்டிக் கூடத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒத்தோனே பொருளாளர். நான் செயலாளர், கொள்கைபரப்பு, அதோடு இளைஞர் அணி முழுவதும். என் பெயர் லோரிஸ். இளைஞர் அணிக்கு முப்பத்து மூன்று வயதாகிறது, முன்பக்கம் முடி கொட்டத் தொடங்கிவிட்டது.

கட்சியின் பெயர் வல்தோர்னா தன்னாட்சி முன்னணி. வல்தோர்னா என்பது எங்கள் பள்ளத்தாக்கு. இத்தாலியின் வடக்கு ஓரத்தில், மூன்று மலைகளுக்கு நடுவில் இரண்டாயிரம் பேர்.

சிக்கல் இதுதான். ஊராட்சித் தேர்தலுக்குப் பட்டியல் கொடுக்க ஏழு பேர் வேண்டும். எங்களிடம் ஆறு பேர் இருந்தோம், ஆறு பேரும் ஆண்கள். புதுச் சட்டப்படி ஆண்கள் மட்டுமே இருக்கும் பட்டியலைத் தேர்தல் அலுவலகம் கையால்கூடத் தொடாது. நாளை மதியம் பன்னிரண்டு மணிக்குள் ஒரு பெண்ணின் கையெழுத்தோடு ஏழாவது பெயர் போய்ச் சேர வேண்டும். போன தேர்தலிலும் நாங்கள் பட்டியல் கொடுக்கவில்லை. கெடு சனிக்கிழமையோடு முடிய, ஒத்தோனே பட்டியலை ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்ப் பூட்டிய கதவைத் தட்டிவிட்டு வந்திருந்தார். தொடர்ந்து இரண்டு தேர்தலில் நிற்காத கட்சி கலைந்துவிட்டதாகக் கொள்ளப்படும் என்று எங்கள் கட்சி விதியில் நாங்களே எழுதி வைத்திருக்கிறோம். எழுதும்போது வேறு கட்சிகளை மனதில் வைத்து எழுதியது.

கலைந்தால் யாருக்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஊரே அப்படித்தான் கேட்டது. ஆனால் எஜிதியோவை உலகத்தில் 'தலைவரே' என்று கூப்பிடும் இடம் இந்த மேசை ஒன்றுதான். என் கதை இன்னும் மோசம். பத்தொன்பது வயதில் நான் மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றிலும் சின்னச் சின்ன நாடுகள், பறிபோன மொழிகள், எல்லை தாண்டும்போது திரும்பிப் பார்த்து அழுகிறவர்கள். எனக்கும் பறிகொடுக்க ஒரு நாடு வேண்டும் என்று தோன்றியது. கைவசம் இருந்தது வல்தோர்னா மட்டும்தான். முன்னணியில் சேர்ந்தேன். உறுப்பினர் அட்டையும் கூட்ட அறையைக் கூட்ட ஒரு துடைப்பமும் கொடுத்தார்கள். பதினான்கு வருடமாக அந்த நாட்டுக்காகக் கூட்டிக்கொண்டிருக்கிறேன். அது நாளை மதியம் இல்லாமல் போனால், நான் மலையடிவாரத்துச் சாமான் கிடங்கில் வேலை பார்க்கும், முடி கொட்டுகிற ஒருவன். வேறொன்றும் இல்லை.

"அந்தப் பொம்பளை கையெழுத்துப் போட எத்தனை தாள்?" என்று கேட்டார் ஒத்தோனே.

"வேட்பாளர் ஒப்புதல் படிவமா? மூணு" என்றேன்.

"ஆ! 'வேட்பாளர்'ங்கிறது இத்தாலிய வார்த்தை. சொன்னது நீதான். மணி உன் கழுத்துக்கு" என்றார் எஜிதியோ.

எங்கள் கூட்டங்களில் இத்தாலிய வார்த்தை பேசக் கூடாது, எங்கள் மொழிதான். தவறி ஒரு வார்த்தை வாயில் வந்தால் மாட்டு மணியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும், அடுத்தவர் தவறும்வரை. எங்கள் மொழியில் பசுவின் மடியில் வரும் நோய்களுக்கு ஏகப்பட்ட சொற்கள் உண்டு. சட்டம், மனு, வேட்பாளர், பெரும்பான்மை ஆகியவற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆகவே மாட்டைப் பற்றிப் பேசும்வரை கூட்டம் அமைதியாக நடக்கும். அரசியல் தொடங்கியதும் மணி கைமாறிக்கொண்டே இருக்கும்.

எங்கள் வரலாற்றையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீளமானது அல்ல. ஆரம்ப நாட்களில் ஊரில் மூன்றில் ஒருவர் எங்களுக்கு வாக்களித்தார். அந்த உற்சாகத்தில் முன்னணி தன் முதல் நேரடி நடவடிக்கையில் இறங்கியது. ஊர் எல்லையில் உள்ள பெயர்ப்பலகையில் இத்தாலியப் பெயரை அழித்துவிட்டு எங்கள் மொழிப் பெயரை எழுதுவது. ஏணி, பெயின்ட், முகமூடி எல்லாவற்றோடும் போன பிறகுதான், எங்கள் மொழியில் ஊரின் பெயர் 'வல்தோர்ன்' என்பது நினைவுக்கு வந்திருக்கிறது. கடைசியில் இருந்த 'a' என்ற ஓர் எழுத்தைச் சுரண்டிவிட்டு வந்தார்கள். தேசிய விடுதலைக்காக நாங்கள் செய்த காரியம் இன்றுவரை அந்த ஓர் எழுத்துதான்.

பிறகு கட்சி உடைந்தது. மேலூர்க்காரர்கள் 'நம்ம' என்பார்கள், கீழூர்க்காரர்கள் 'நம்ப' என்பார்கள். கட்சிக் கொடியில் எதைப் போடுவது என்று மூன்று மாதம் விவாதித்தார்கள். கீழூர்க்காரர்கள் வெளியேறி அசல் வல்தோர்னா தன்னாட்சி முன்னணியைத் தொடங்கினார்கள். ஊரின் இன்னொரு காபிக் கடை அவர்களுக்குப் போனது. இந்தக் கடை எங்களுக்கு வந்தது. ஒருமுறை பெரிய கட்சி ஒன்றோடு கூட்டணி வைத்து வலேரியோ என்பவரை ரோமாபுரிக்கு நாடாளுமன்ற உறுப்பினராக அனுப்பினோம். தன்னாட்சியோடுதான் திரும்புவேன் என்று ரயில் நிலையத்தில் சபதம் செய்துவிட்டுப் போனார். சொல் தவறாத மனிதர், இன்னும் திரும்பவில்லை. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறார், தன் ரோமானிய மனைவியும் பேரப்பிள்ளைகளும் இருக்கும் படத்தோடு.

எங்கள் எதிரியும் எங்களிடமிருந்து தள்ளித் தள்ளிப் போனான். முதலில் எதிரி தெற்கத்தியர்கள், நம் வரிப்பணத்தைத் தின்பவர்கள். பிறகு ரோமாபுரி. பிறகு ஐரோப்பிய ஒன்றியம் உட்கார்ந்திருக்கும் பிரஸ்ஸல்ஸ். போன வருட மாநாட்டில் எஜிதியோ வானிலையைக் கண்டித்துப் பேசினார்.

"அங்க ஒரு பொம்பளை நிக்குதே" என்றார் ஒத்தோனே, குரலைத் தாழ்த்தி.

மூவரும் திரும்பினோம். நுன்சியா கவுன்டருக்குப் பின்னால் காபி இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கலாப்ரியாக்காரர், அது பூட்ஸ் வடிவ இத்தாலியின் கால்விரல் நுனியில் உள்ள தென்கோடிப் பகுதி. ரயில்வேயில் வேலை பார்த்த கணவரோடு இங்கே வந்து முப்பத்தாறு வருடம் ஆகிறது. கணவர் இறந்த பிறகும் கடையை விடவில்லை.

"அது தெற்கு" என்றார் எஜிதியோ.

"தெற்குன்னா? இப்ப நம்ம எதிரி லிஸ்ட்ல தெற்கு இல்லடா. பிரஸ்ஸல்ஸ்தான் இருக்கு."

"தெற்க எடுத்ததா யாரும் தீர்மானம் போடலையே?"

"மறந்துபோச்சு. மறந்தாலும் எடுத்த மாதிரிதான்."

எஜிதியோ பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார். அவர் அந்த மேசையைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"யார் கேக்குறது?" என்றார் கடைசியில்.

இருவரும் இளைஞர் அணியைப் பார்த்தார்கள்.

நான் எழுந்து நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் மணி அடித்தது.

"அத முதல்ல கழட்டு லோரிஸ்" என்றார் நுன்சியா. எங்களோடு எப்போதும் இத்தாலிய மொழியில்தான் பேசுவார், நாங்கள் எங்கள் மொழியில் பதில் சொல்வோம். "பால் கறக்கச் சொல்லி வந்து நிக்குற மாதிரி இருக்கு."

கழற்றிக் கவுன்டரில் வைத்துவிட்டு மரியாதையாகக் கூப்பிட்டேன். "சிஞோரா, ஒரு உதவி."

"கேட்டுச்சு. நீங்க ரகசியம் பேசினா சந்தைவரைக்கும் கேக்கும். எதுக்கு நிக்கச் சொல்றீங்க? ஜெயிக்கவா?"

"இல்ல சிஞோரா. தோக்கத்தான். தோக்குறதுக்கும் பட்டியல்ல ஏழு பேர் வேணும்."

"நிஜத்தச் சொல்ற. உங்க கட்சியில முன்னுக்கு வர மாட்ட." துணியைப் பிழிந்து உலர வைத்தார். "சுவர்ல ஒட்டுவாங்களே பெரிய நோட்டீஸ், எல்லாப் பட்டியலும் போட்டு. அதுல பேருக்குப் பக்கத்துல பிறந்த ஊரும் வரும், இல்ல?"

"வரும்."

மேசையிலிருந்து எஜிதியோவின் குரல் வந்தது. "அத மட்டும் விட்டுட முடியாதா? இல்லன்னா சின்ன எழுத்துல?"

"நீங்க எங்க பிறந்தீங்க தலைவரே?" என்று கேட்டார் நுன்சியா.

எஜிதியோ தொண்டையைச் செருமினார். "பெல்ஜியத்துல. அப்பா அங்க சுரங்கத்துல இருந்தாரு." பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "ஆனா கருவானது இங்கதான். கல்யாணத்துக்கு வந்தப்ப."

"அதையும் நோட்டீஸ்ல போடச் சொல்லுங்க. நீங்க ஒத்தோனே?"

"சுவிட்சர்லாந்து. அம்மா அங்க துணி ஆலையில..."

"லோரிஸ்?"

"கீழ சமவெளி ஆஸ்பத்திரியில. அப்பவே இங்க பிரசவ வார்ட மூடிட்டாங்க."

"மத்த மூணு பேரு?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒருவர் அர்ஜென்டினா. இருவர் என்னைப் போலச் சமவெளி.

"ரெனாத்தோ இருக்கானே, அவன் இங்கதான் பிறந்தான்" என்றார் எஜிதியோ, திடீரென்று பிரகாசமாகி.

"ரெனாத்தோ போன பனிக்காலத்துல செத்துட்டான்டா" என்றார் ஒத்தோனே.

"செத்தா? பிறந்தது பிறந்ததுதானே!"

நுன்சியா சிரிக்கவில்லை. "என் பிள்ளைங்க ரெண்டு பேரும் இங்கதான் பிறந்தாங்க. அந்த வார்டுல கடைசியா பிறந்தது என் சின்னவன். இப்போ ரெண்டு பேரும் மியூனிக்ல. அவங்கள நிக்க வைக்கலாம்னா, நீங்க அவங்கள ஒருநாளும் வல்தோர்னாக்காரங்கன்னு சொன்னதில்ல."

பதினான்கு வருடமாகச் சுதந்திரத்தைப் பற்றித் துண்டறிக்கை எழுதியவன் நான். அங்கே நின்று சர்க்கரைப் பொட்டலங்களை அடுக்கினேன்.

"எனக்கு மாட்டேன்னு சொல்ல ஆசையில்ல" என்றார் நுன்சியா. குரல் மெதுவாக இருந்தது. "இந்த ஊர்ல எனக்கும் ஒரு தடவ சுவர்ல பேர் வரட்டுமேன்னுதான் இருக்கு. நீங்க இல்லாமப் போனா சாயங்காலத்துல இந்த மேசையில யார் உக்காரப் போறா? கையெழுத்துப் போடுறேன்னே வையுங்க. அதுக்கு முன்னாடி மூணு பேரும் கொஞ்சம் வெளிய வாங்க."

படிவத்தையும் பேனாவையும் அவரே கையில் எடுத்துக்கொண்டார். தெருவில் வெயில் இருந்தது. நாங்கள் வரிசையாக நின்றோம். அவர் கொக்கிக் கம்பியை மாட்டி ஷட்டரை இழுத்தார். பட்டப்பகலில் அது கடகடவென்று கீழே இறங்கியது.

அதில் எழுத்துகள் இருந்தன. கட்சி தொடங்கிய புதிதில் எஜிதியோவும் ஒத்தோனேயும் சிவப்புப் பெயின்டில் எழுதியது. கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் அது சுருண்டு மேலே போய்விடும். அடைத்த பிறகு யாரும் நின்று படிப்பதில்லை. பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து பார்த்துப் பார்த்து நானும் பார்ப்பதை விட்டிருந்தேன். 'தெற்கத்திகளா, நம்ம ஊரை விட்டுக் கிளம்புங்க, ரயில் ஆறு மணிக்கு.' எங்கள் மொழியில் இதுவரை எழுதப்பட்டவற்றில் இதுதான் மிக நீளமான வாக்கியம். எழுதிய மறுநாள் காலை இருவரும் வழக்கம்போல் காபிக்கு வந்தார்களாம், அவ்வளவு சீக்கிரம் திறக்கிற கடை வேறு இல்லை என்பதால். நுன்சியாவின் கணவர் காபியை வைத்துவிட்டு, ஆறு மணிக்கு ரயில் கிடையாது, ஐந்து ஐம்பதுதான் என்று மட்டும் சொன்னாராம்.

ஒத்தோனே எழுத்துப்பிழை பார்ப்பதுபோல் வாயை அசைத்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். எஜிதியோ மலையைப் பார்த்தார்.

முப்பத்தாறு வருடமாக எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே காபி போட்டவர் நுன்சியா. எங்கள் மொழியில் அவருக்குப் புரியாத வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது, பசுவின் மடி நோய்கள் உட்பட. அவர் படிவத்தை ஷட்டரின் மேல் விரித்துப் பிடித்து, பேனாவின் மூடியைத் திறந்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு மேலே வைத்துக்கொண்டார்.

"இது உங்க பாஷையில எழுதியிருக்கு, எனக்கு இன்னிக்கு வரைக்கும் யாரும் சொல்லல. என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் சத்தமா படிச்சுக் காட்டுங்க, தலைவரே."