சுடாத மரையின் பங்குகள்

மாலை வேட்டை வகுப்பு முடிந்து காரில் ஏறியபோது நான் இன்னும் துப்பாக்கிகூட வாங்கியிருக்கவில்லை. ஆனால் யோகா அக்கா நான் சுடப்போகும் மரைமானைப் பங்கு போட்டு முடித்திருந்தாள். விக்டோரியா மாநிலத்தில், கிளென் வேவர்லியில் எங்கள் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஆடு வாங்கிப் பங்கு பிரிப்பது வழக்கம். அதற்கென்று இருக்கும் வாட்ஸ்அப் குழுவில்தான் அறிவித்திருந்தாள். ஈரல் தர்சினி வீட்டுக்கு. எலும்புக்கு இரண்டு பேர் போட்டி. அவளுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, நான் இன்னும் ஒண்டும் சுடேல்லை."

"அடுத்த சனி மலைக்குப் போறாய்தானே. மாமி இறைச்சி வத்தல் போட இப்பவே வெயில் பாக்கிறா. நீச்சல் பழகப் போனாய், விட்டாய். கிற்றார் வாங்கினாய், அது கராஜுக்குள்ள கிடக்கு. இதையாவது முடி, கீர்த்தனன்."

போனை வைத்தேன். பகலெல்லாம் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு, வேட்டைச் சங்கத்தின் வகுப்பில் கண் சொருகச் சொருகக் குறிப்பெடுக்கிறவன் நான். டூ-ஃபோர்ட்டி-த்ரீ ரகத் துப்பாக்கி தோளுக்கு இதமானது, சிறிய மானுக்குப் போதும். மரைக்கு அதை விக்டோரியாவில் சட்டம் அனுமதிக்காது. அனுமதி உள்ளதில் டூ-செவன்ட்டிதான் ஆகச் சிறியது. அதற்குமேல் த்ரீ-ஓ-எய்ட், அதற்கும்மேல் த்ரீ-ஹண்ட்ரட் மேக்னம். ஒவ்வொன்றின் குண்டு எடையையும், சுடும்போது தோளில் இடிக்கும் உதைப்பையும் எழுதி ஒப்பிட்டுப் பார்த்தேன். குறி தவறுவதில் எனக்குப் பயமில்லை. தவறான இடத்தில் பட்டுவிடுவதில்தான் பயம். வயிறு கிழிந்த ஒரு மிருகம் பள்ளத்தாக்கில் எங்கோ படுத்து, சாகாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் காட்சி சாப்பிடும்போதுகூட வந்தது. அப்படி வரும்போதெல்லாம் என் தேர்வு ஒரு படி பெரிய துப்பாக்கிக்கு ஏறியது. கடைசியில் மேக்னத்தில் போய் நின்றது.

என்னோடு படிக்கும் சவரிமுத்து அண்ணன் மலேசியாக்காரர். மாணவனாக வந்து கணக்காளராகத் தங்கிவிட்டவர். மான் வேட்டைக்குப் புதியவர் என்றாலும் இலக்குத் தாளைச் சுட்டுப் பழகியவர். "பெருசு வாங்குனா மனசுக்கு நிம்மதி, தோளுக்கு இல்ல லா. முதல்ல சுட்டுப் பாரு" என்று சொல்லி, மலைக்குப் போவதற்கு முந்திய சனிக்கிழமை தன் துப்பாக்கிகளைச் சுடுதளத்துக்குக் கொண்டு வந்தார்.

டூ-ஃபோர்ட்டி-த்ரீயில் நான் சுட்ட துளைகள் எல்லாம் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கின. டூ-செவன்ட்டியில் அவை தாள் முழுக்கச் சிதறின. மேக்னத்தில் தாளில் துளையே இல்லை. தோள் எரிந்தது. துப்பாக்கியின் தொலைநோக்கி பிசகியிருக்க வேண்டும் என்றேன்.

"ஓ, அப்படியா? சரி, டூ-செவன்ட்டிய இன்னொரு தடவ பிடி. நானே லோட் பண்ணித் தர்றேன்."

குறி பார்த்தேன். மூச்சை விட்டேன். விசையை அழுத்தினேன். டிக் என்ற சின்னச் சத்தம் மட்டும் வந்தது. வெடிக்கவில்லை. ஆனால் குழல் தரையை நோக்கிச் சட்டென்று தாழ்ந்திருந்தது. என் கண்கள் இறுக மூடியிருந்தன.

"குண்டே போடல. வெடிக்கிறதுக்கு முன்னாடியே கும்பிடு போடுறியேப்பா!" என்று சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"மேக்னம் எண்டால் எங்க பட்டாலும் விழாதா அண்ணை?"

"வயித்துல பட்டா எதுல சுட்டாலும் ஓடும்."

பலகையில் அமர்ந்தேன். நான் சுடக்கூடியதை மலைக்குக் கொண்டுபோக முடியாது. கொண்டுபோகக்கூடியதை என்னால் சுட முடியாது. வாரக்கணக்கில் ஒப்பிட்ட எதிலும் என் கண் இமை இடம்பெறவில்லை. போன் அதிர்ந்தது. ஃப்ரீசரைக் கழுவித் துடைத்துவிட்டதாக அக்கா படம் அனுப்பியிருந்தாள். வெள்ளையாக, காலியாக இருந்தது.

'இந்த முறை மரை இல்லை அக்கா. ஆடே சொல்லுங்கோ' என்று எழுதினேன்.

உடனே பதில் வந்தது. 'தெரியும்.'

நீச்சலும் கிற்றாரும் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தன. வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும்போல் இருந்தது. சவரிமுத்து அண்ணன் துப்பாக்கியை உறையில் வைக்கப் போனார்.

"அண்ணை, டூ-செவன்ட்டியைத் தாங்கோ. குண்டு போட்டீங்களோ இல்லையோ, எனக்குச் சொல்லாதேங்கோ."

"தோள் வீங்கிரும்டா."

"ஓம்."

அவர் எனக்கு முதுகைக் காட்டி ஏதோ செய்துவிட்டு நீட்டினார். வாங்கித் தோளில் பதித்தேன். வலித்தது. தூரத்தில் தாள் காற்றில் லேசாக ஆடியது. கண்ணாடிக்குள் குறுக்குக் கோடு அதன் நடுவுக்கு வந்தது, விலகியது, மறுபடி வந்து நின்றது. கண்ணில் நீர் கோத்தது. இமைக்காமல் விரலை மெல்ல, மெல்ல அழுத்தத் தொடங்கினேன்.