ராம்ரி தீவில் மதியச் சாப்பாடு

முதலை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. ராம்ரி தீவைப் பற்றிப் படப் புத்தகம் போடுகிறேன் என்று யாரிடம் சொன்னாலும், "ஜப்பான்காரங்களை முதலை தின்னுச்சே, அந்தத் தீவா?" என்கிறார்கள். 1945 ஜனவரியில் பர்மாக் கரையோரம் அந்தத் தீவில் படை இறங்கியபோது நம் ஆட்களும் அங்கே இருந்தார்கள். பாதை போட்டார்கள், மூட்டை சுமந்தார்கள், செத்தும் போனார்கள். அவர்களைப் பற்றி ஒரு வரி சொல்ல ஆளில்லை. முதலைக்குக் கிடைத்த மரியாதைகூட மனுஷனுக்குக் கிடைக்கவில்லை.

எனக்கு அவர்கள் கிடைத்தது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில். ஓடாத மிக்ஸிக்கும் பழைய செருப்புக்கும் நடுவே ஒரு பிஸ்கட் டப்பா, அதற்குள் ஓர் உறையில் இருபத்தேழு நெகட்டிவ். உறைமேல் தீவின் பெயர், பிப்ரவரி 1945 என்ற தேதி, ஒரு பயனியர் கம்பெனியின் எண். மண்வெட்டியும் கடப்பாறையும்தான் அந்தக் கம்பெனிக்காரர்களின் ஆயுதம். இரும்புலியூரில் என் வீட்டிலேயே எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தேன். அந்த வேலையில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு.

பதினான்காவது படம் என் உயிர். கடற்கரை மணலில் நான்கு பேர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பின்னால் வரிசையாகக் கப்பல்கள். இடமிருந்து இரண்டாவது ஆள் தட்டைப் பிடித்திருக்கும் கையில் சுண்டுவிரல் பாதிதான் இருக்கிறது. பெயர் தெரியாது. அந்தக் கம்பெனியில் சொந்தக்காரர் யாராவது இருந்தார்களா என்று தாம்பரம் பக்கத்துத் தேவாலயங்களின் அறிவிப்புத் தாள்களில் கேட்டிருந்தேன். ஆறு மாதமாகப் பதிலே இல்லை.

புத்தகம் அச்சுக்குப் போகிற அன்று பதினொன்றரை மணிக்குப் போன் வந்தது. கிழக்குத் தாம்பரத்திலிருந்து ரத்தினபாய். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், வயது எண்பது.

"எங்கப்பா ஜெபசீலன் அந்தக் கம்பெனிதாம்மா. அங்கேயே காய்ச்சல்ல போயிட்டார். நான் அப்போ அம்மா வயித்துல. அவருக்கு ஒரு சுண்டுவிரல் பாதிதான் இருக்கும்னு அம்மா சொல்வாங்க. நான் அவர் முகத்தைப் பார்த்ததே இல்ல. ஒரு போட்டோகூட கிடையாது."

பாதி விரல்! காலையில் சாப்பிட்டேனா என்றுகூட நினைவில்லை. மடிக்கணினிப் பையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் பறந்தேன். சுரங்கப்பாதை நெரிசலில் எத்தனை பேரைத் திட்டினேனோ கணக்கில்லை.

டீச்சர் வீட்டுக் கூடத்தில் அம்மா, கணவர், மாமனார், மாமியார் என்று எல்லோருக்கும் படம் இருந்தது. அப்பாவின் இடத்தில், அவர் இறந்த செய்தி வந்த தந்தியைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்.

"கடைசிக் கடிதாசியில, சாப்பாடு சரியில்லன்னு எழுதியிருந்தாராம். அம்மா சாகிற வரைக்கும் அதே புலம்பல்தான். வயிறார சாப்பிட்டாரோ, பட்டினியாவே போனாரோன்னு."

நான் போனில் படத்தை எடுத்து நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு அப்படியே சுருங்கியது.

"இது அப்பா இல்லம்மா."

"விரல் இருக்கே டீச்சர்!"

"இது வலது கை. அப்பாவுக்குத் துறைமுகத்துல சங்கிலியில மாட்டிப் போனது இடது கை. அம்மா ஆயிரம் தரம் சொல்லியிருக்காங்க."

"அவங்க மாத்திச் சொல்லியிருந்தா?"

"எண்பது வருஷம் முகம் தெரியாமலே இருந்துட்டேன். இனிமே யாரோ ஒருத்தரை அப்பான்னு சுவத்துல மாட்டிக்க மாட்டேன்." கணக்கு டீச்சர். விடை தப்பென்றால் தப்புதான்.

அந்த நேரம் பார்த்து பம்மல் அச்சகத்திலிருந்து குமரேசன் கூப்பிட்டார். "இன்னாக்கா, ஃபைல் வரல? மெஷின் சும்மா நின்னுகினு கீது. ரெண்டு மணிக்குள்ள அனுப்பலன்னா வேற வேலை ஏத்திடுவேன்."

மணி ஒன்று. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் 'பெயர் தெரியாத நால்வர்' என்றே போகவேண்டியதுதான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. டீச்சரோ என்னைச் சாப்பிடாமல் விடமாட்டேன் என்று மீன்குழம்பைப் பரிமாறிவிட்டார். வலது கை போனை விடவே இல்லை. கப்பல்களை நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கை தானாகப் போய் அப்பளத்தை எடுத்து வாயில் போட்டது.

"என்ன பழக்கம் இது! இடது கையாலயா சாப்பிடுவே? கையை மாத்து!"

முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளை மிரட்டிய குரல். அசடு வழியக் கையை மாற்றிக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தேன். நான்கு பேர், நான்கு தட்டு. வாய்க்குப் போகிற நான்கு கைகள்.

"டீச்சர்!" நான் போட்ட கூச்சலில் தண்ணீர்ச் சொம்பு உருண்டது. "இவங்க நாலு பேரும் இடது கையால சாப்பிடுறாங்க!"

"நாலு பேருமா? நம்ம ஊர் ஆளுங்களா?" டீச்சர் எழுந்தே விட்டார். "எப்படிம்மா அது?"

எப்படி என்றால், இந்த மகாராணி நெகட்டிவைப் புரட்டி வைத்து ஸ்கேன் செய்திருக்கிறாள்; இடம் வலமாகிவிட்டது. மற்ற படங்களில் லாரி எண்ணோ பெட்டி எழுத்தோ இருந்தது. தப்பு நடந்தால் உடனே கண்ணில் பட்டுவிடும். இதில் ஓர் எழுத்துகூட இல்லை, பிலிம் ஓரத்தில் இருந்த எழுத்தையும் பூஞ்சை தின்றிருந்தது. ஆறு மாதமாகக் கப்பலின் வகையை ஆராய்ந்தேனே தவிர, மனிதர்கள் எந்தக் கையால் சாப்பிடுகிறார்கள் என்று பார்க்கவில்லை. முதலையைப் பற்றிக் கேட்டவர்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? வெட்கமாக இருந்தது. ஆனால் சந்தோஷம் வெட்கத்தை நிற்கவிடவில்லை.

படத்தைப் புரட்டினேன். கப்பல்கள் இடம் மாறின. சோறு எல்லோருடைய வலது கைக்கும் வந்தது. தட்டு இடது கைக்குப் போனது.

டீச்சர் போனை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். விரலால் அந்த இடது கையைத் தொட்டு, சுண்டுவிரல் வரை ஒவ்வொரு விரலாக எண்ணினார். இன்னொரு தரம் எண்ணினார். பிறகுதான் முகத்துக்கு வந்தார். அதிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து, படத்தை மாற்றி, 'இடமிருந்து மூன்றாவது: ஜெபசீலன்' என்று அடித்தேன். இடம் மாறியதில் இரண்டாவது மூன்றாவதாகியிருந்தது. அதையும் மூன்று முறை சரிபார்த்தேன். இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஃபைல் போய்ச் சேர்ந்தது. "வந்திருச்சுக்கா, ஏத்திட்டேன்!" என்று குமரேசனின் பதில் திரையில் வந்தது.

திரும்பிப் பார்த்தால் நாற்காலியில் டீச்சர் இல்லை. கூடத்தில் தன் அம்மாவின் படத்துக்கு நேரே போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, பாருங்க. தட்டு நிறைய வெச்சு சாப்பிடுறார்."