அம்மா துடைத்த கம்பி

வண்டு என்று கூப்பிட்டால்தான் அவள் திரும்பிப் பார்ப்பாள். ஒரே வரிசையில் நாலு சக்கரம் வைத்த ஸ்கேட்ஸைக் காலில் மாட்டிவிட்டால் அதுவும் கிடையாது. படிக்கட்டு, பெஞ்சு, குட்டிச்சுவர் என்று ஒன்றையும் விட்டுவைக்கமாட்டாள்.

அவள் அம்மா தையல்காரி. மகள் தாவி இதுவரை பார்த்ததில்லை. கிழிந்த கால்சட்டைகளைத்தான் பார்த்திருக்கிறாள்.

ஸ்கேட்டிங் போட்டியைப் பார்க்க வரச் சம்மதித்தபோதே அம்மா சொல்லிவிட்டாள்: "என் கண் முன்னால ஒரு தடவை விழுந்தே, அந்தச் சக்கரம் பரணுக்குப் போயிடும். நீ உருண்டு அழுதாலும் இறங்காது."

"விழுந்தாத்தானே!" என்றாள் வண்டு.

போட்டியன்று முதலில் கூப்பிட்டது அவளைத்தான். ஓடி வந்தாள், எம்பினாள், இரும்புக் கம்பியின் மேல் இரண்டு காலையும் குறுக்கே வைத்தாள். வழுக்கிக்கொண்டு போகவேண்டிய கம்பி பசை போட்டதுபோல் பிடித்துக்கொண்டது. ஸ்கேட்ஸ் நின்றுவிட்டது, வண்டு நிற்கவில்லை. தொப்!

முட்டியைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தாள். போச்சு, பரண்தான்.

எழுந்து கம்பியைத் தடவினாள். எலுமிச்சை வாசனை. வீட்டுச் சோப்பு!

"அம்மா, இந்தக் கம்பியைத் தொட்டியா?"

"பின்னே? ஒரே பிசுக்கு. புதுக் கால்சட்டை பாழாயிடுமேன்னு காலையிலேயே வந்து தேய்ச்சுத் துடைச்சேன்."

நடுவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அது பிசுக்கு இல்லம்மா, மெழுகு. சறுக்கறதுக்காக நாங்க பூசினது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அம்மாவின் முகம் சுருங்கியது. பிறகு நிமிர்ந்தாள். "அப்ப இவ விழலை, நான் தள்ளிவிட்டிருக்கேன். இது கணக்குல வராது."

நடுவரும் தலையாட்டி, மறுபடி தாவச் சொன்னார். நூலுக்குத் தடவும் மெழுகுக்கட்டி அம்மாவின் பையில் எப்போதும் இருக்கும். அதை எடுத்துக் கம்பி முழுக்க அவளே பூசினாள். உதவிக்கு வந்தவர்களைக் கிட்டே அண்டவிடவில்லை.

வண்டு மறுபடி எம்பினாள். சர்ரென்று கடைசிவரை போய், அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே இறங்கி நின்றாள். ஒரே கைதட்டல்.

திரும்பினால், அம்மா இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா! பார்க்கவே இல்லையா?"

"கண் முன்னால விழுந்தாத்தானேடி பரண்? அதான் மூடிக்கிட்டேன்," என்றாள் அம்மா, ஒரு கண்ணை மட்டும் திறந்து. "எங்க, இன்னொரு தடவை தாவு, பார்க்கறேன்."