எல்லாப் படத்திலும் ஒரு குடை

கற்பனைக்கு வேலி கிடையாது என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர் ஓவிய மாஸ்டர். விடுமுறை முகாமில் பிள்ளைகளின் கண்களைத் துணியால் கட்டி, மழைச் சத்தத்தைப் போட்டுவிட்டு, கேட்டதை வரையச் சொன்னார். புதுமையாம்.

பத்தாவது படிக்கும் பெண் ஒருத்தி கரியை விரலால் தேய்த்து, தாள் முழுக்க மழையைக் கறுப்பாகக் கொட்டவிட்டாள். கண்கட்டை அவிழ்த்ததும், 'ஒதுங்க இடமில்லை' என்று அடியில் எழுதினாள். அவளுக்கே பிடித்துப்போன முதல் படம் அது.

கண்காட்சிக்கு அம்மாவைக் கையோடு இழுத்து வந்தாள். அவள் படத்தின் நடுவே ஒரு சிவப்புக் குடை. சுவர் நெடுக எல்லாப் படத்திலும் அதே குடை, அதே வளைந்த கைப்பிடி.

"நான் குடையே வரையலையே சார்."

"நான்தான்மா போட்டேன். இல்லேன்னா மழைன்னு பெத்தவங்களுக்கு எப்படிப் புரியும்?"

"எங்கம்மா மழையே பார்த்ததில்லைன்னு நினைச்சீங்களா?"

அம்மா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெண் தன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, மேசையிலிருந்த கத்தரிக்கோலால் குடையை மட்டும் வெட்டி நீட்டினாள். "இந்தாங்க சார், உங்க படம். உங்க பேரைப் போட்டுத் தனியா மாட்டுங்க."

ஓட்டையோடு தன் படத்தைத் திரும்ப மாட்டினாள். மாஸ்டரோ, வெட்டிய குடையைக் கையில் பிடித்தபடியே, அடுத்து வந்த பெற்றோருக்குக் கற்பனையின் மகிமையை விளக்கத் தொடங்கினார்.