குண்டூசி குத்திய இடம்

கண்ணாடிக்கடைக்காரருக்குத் தெருவில் வைத்த பெயர் ‘கொரகொரா’. லென்ஸ் தேய்க்கும் நேரம் போக, மிச்ச நேரமெல்லாம் சிற்றலை வானொலியின் கொரகொரப்பில் காதை வைத்திருப்பவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? பாட்டு வந்தால் தள்ளிவிடுவார். எங்கோ ஒரு ராணுவத்தான் எண்களை வாசித்தால் போதும், எந்த இடத்திலிருந்து வாசிக்கிறான் என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டார். உடும்புப்பிடி.

இதே கிறுக்குப் பிடித்த நண்பர்கள் இருவர் வேறு ஊர்களில் இருந்தார்கள். மூவரும் ஒரே ஒலிபரப்பைப் பதிவு செய்து, யாருக்கு இம்மி நேரம் முந்தி வந்தது என்று ஒப்பிட்டு வரைபடத்தில் கோடு போடுவார்கள். கோடுகள் வெட்டும் இடம்தான் நிலையம். உறுதியானால் வானொலி ஆர்வலர் சங்கத்தின் மாதப் பட்டியலில் ஏறும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

மாலை நான்கு மணி நிலையம் மட்டும் இரண்டு வருடமாகத் தண்ணி காட்டியது. நண்பர்கள் அனுப்பிய பதிவுகளோடு இவருடைய புதுப் பதிவை ஒப்பிட்டதும் அதுவும் அகப்பட்டது: ஒரு மலைச்சரிவு. குண்டூசியைக் குத்திவிட்டு, பெருமையோடு பதிவை இன்னொரு முறை ஓடவிட்டார். வாசிப்பவன் புது ஆள்; ஒவ்வொரு வரிக்கும் முன்னால் லேசாகச் செருமினான்.

அந்தச் செருமலை அவர் தன் வீட்டுக் கூடத்திலேயே கேட்டிருக்கிறார். “மாமா” என்று கூப்பிடுவதற்கு முன் மருமகன் அப்படித்தான் தொண்டையைச் சரிசெய்வார். ராணுவத்தில் மூட்டை எண்ணும் வேலை என்று சொல்லிவிட்டுப் போனவர். நாற்பது நாளாக ஒரு தகவலும் இல்லை. மகள் பிறந்த வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

உயிரோடு இருக்கிறார் என்ற சந்தோஷம் குண்டூசியைப் பார்க்கும்வரைதான். பட்டியலைப் படிக்க எதிரிக்குக் கண் தெரியாதா? இவரே கண்ணாடி மாட்டிவிட்ட கதையாகிவிடும்.

குண்டூசியைப் பிடுங்கினார். பதிவு கெட்டுவிட்டது, இடம் தெரியவில்லை என்று நண்பர்களுக்கு எழுதினார். அவர்கள் சிரித்தார்கள். மானம் கப்பலேறியது, ஏறட்டும் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் நான்கு மணிக்கு மகளை உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினார். முதல் செருமலிலேயே அவள் கண் நிறைந்துவிட்டது.

“அவர்தான்ப்பா. எங்க இருக்காரு?”

“தெரியலம்மா.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். சுவர் வரைபடத்தில் மூன்று கோடுகள் சேரும் இடத்தில் இருந்த துளையை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

அடுத்த நாள் அவர் கடையிலிருந்து வந்தபோது வரைபடத்தின் மேல் ஒரு காலண்டர் தொங்கியது. ஆணி அடித்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு மகள் கை நீட்டினாள்.

“நாலு ஆகப்போகுதுப்பா. ஹெட்போனைக் குடுங்க.”