அசையாமல் இரண்டு மணி நேரம்

குளுக்கோஸ் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு டெயனீரா பெஞ்சில் உட்கார்ந்தாள். வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம் எடுத்தாயிற்று. ஒரு மணி நேரம் கழித்து ஒரு தடவை, இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை எடுக்க வேண்டும்.

"அதுவரைக்கும் எந்திரிக்காத டெயா. நடந்தா சர்க்கரை இறங்கிரும், வியாதி இருந்தாலும் தெரியாது," என்றாள் ரூபி. சான்டாண்டர் மலையில் இருந்த அந்த மருத்துவமனைக்கு அவள்தான் நர்ஸ். மருத்துவர் வராத நாட்களில் அவளே மருத்துவர். மருத்துவர் வந்த நாள் யாருக்கும் நினைவில்லை.

டெயனீராவின் முதல் பிள்ளை ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஊரே கூடி வெல்லத் தராசில் வைத்து நிறுத்தது. ஆலைக்காரரின் தராசு பொய் சொல்லாமல் இருந்தது அந்த ஒரு நாள்தான் என்று பாதிரியாரே சாட்சி சொன்னார். இரண்டாவது பிள்ளை ஒன்பதாம் மாதம் வயிற்றுக்குள்ளேயே அசைவை நிறுத்திவிட்டது. கிரகணம் பிடித்துவிட்டது என்றார்கள். அந்த வருடம் கிரகணமே வரவில்லை என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

இது மூன்றாவது.

பெஞ்சிலிருந்து பார்த்தால் கீழே கரும்பாலையின் புகை தெரிந்தது. பாகின் பதம் பார்க்க அவளை விட்டால் ஆளில்லை. பதம் தப்பினால் கொப்பரை முழுவதும் கரி. கணவன் எவேலியோவுக்கோ பாகும் சேறும் ஒன்றுதான். ரூபி உள்ளே தடுப்பூசி போடப் போனதும் டெயனீரா பின்வாசல் வழியாக இறங்கினாள். பதம் பார்த்தாள், மலையேறி வந்து ஊசிக்குக் கை நீட்டினாள். மறுபடி இறங்கினாள், மறுபடி ஏறினாள்.

"ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"ஊசின்னா பயம் சிஸ்டர்."

மூன்று எண்களும் சர்க்கரை வியாதிக்கான கோட்டுக்குக் கீழேதான் இருந்தன. வெறும் வயிற்றில் எடுத்த முதல் எண் மட்டும் கோட்டைத் தொட ஒரு முடி இடைவெளிதான் இருந்தது. ரூபி அதை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

ஏழாம் மாதம் எறும்புகள் ஆலையைக் காலி செய்தன. மலைமலையாக வெல்லம் குவிந்திருந்த கொட்டகையை விட்டுவிட்டு, வரிசை கலையாமல் டெயனீரா வீட்டுக் கழிப்பறைக்குக் குடிபெயர்ந்தன.

"எறும்புக்கே வெல்லம் அலுத்துப்போச்சு பாரு!" என்று எவேலியோ சிரித்தான். அவள் தினமும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். மறுநாள் வரிசை இன்னும் நீளமாக இருந்தது. ராத்திரி தாகத்தில் விழித்தால் ஒரு குடம் காலியாகும். கை வயிற்றின் மேலேயே இருக்கும். அசைகிறதா? அசைந்தது. ரூபியிடம் சொல்லிவிடலாமென்று மூன்று தடவை மலையேறி, மூன்று தடவையும் உப்பும் சோப்பும் வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

மழையில் சாலை சரிந்த அன்று ரூபியின் கையிலேயே பிள்ளை பிறந்தது. தோள் சிக்கி, ரூபி வியர்த்து வழிந்து, கடைசியில் வெளியே வந்தவன் வீறிட்டு அழுதான். ஐந்தேகால் கிலோ. எவேலியோ தெருவுக்கு ஓடினான்.

"அண்ணனை முந்திட்டான்! பொறக்கும்போதே அரைக்கால் சட்டை கேக்கறான்!" வெளியே வாணம் வெடித்தது.

அழுகை நின்றது. டெயனீரா குனிந்தாள். குழந்தையின் விரல்கள் குளிரில் நடுங்குவதுபோல நடுங்கின. அறையோ அடுப்பாய்க் கொதித்தது. மார்பை வாயில் வைத்தாள், சப்பவில்லை.

ரூபி அந்த விரல்களையும், சிவந்து உப்பிய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"டெயா. அன்னைக்கு நீ உக்காந்துதான இருந்த?"

வெளியே யாரோ பாட ஆரம்பித்தார்கள்.

"ரெண்டு தடவ ஆலைக்குப் போய்ட்டு வந்தேன் சிஸ்டர்."

ரூபி திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று டெயனீராவுக்குத் தோன்றியது.

"வயித்துக்குள்ள உன் சர்க்கரையையே தின்னு பழகிட்டான். கொடிய அறுத்ததும் அது நின்னுபோச்சு. இப்ப இவனுக்குச் சர்க்கரை ரொம்ப இறங்கிருச்சான்னு பாக்கணும். கால இறுக்கிப் பிடி."

குதிகாலில் ஊசி இறங்கியது. அவன் அழவில்லை. ஒரு சொட்டு ரத்தம் பட்டையில் ஏற, சர்க்கரை பார்க்கும் சின்னப் பெட்டியின் திரையில் முடிவுக்கான நொடிகள் ஐந்து, நான்கு, மூன்று என்று இறங்கின. டெயனீரா தன் உள்ளங்கையில் அந்தப் பெரிய பாதத்தைப் பிடித்தபடி, முதல்முறையாக, துளியும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.