ராக்னாவைக் கூப்பிட்ட தொட்டி

1951 டிசம்பர் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணி சுமாருக்கு ஆஸ்லாக்கின் பீர்த் தொட்டி ஒரு பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. அன்று காலைதான் பனி பெய்வது நின்றிருந்தது. வடக்குச் சரிவில் க்னூத்தின் கிழட்டு ஆடு ஒன்று செத்துப்போனது. எங்கள் பள்ளத்தாக்கில் அந்த வாரம் நடந்தவை இந்த மூன்றும்தான்.

கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வீடு பீர் வடிப்பது எங்கள் வழக்கம். ஜூனிபர் என்ற வாசனைச் செடியின் கிளையைப் போட்டுக் கொதிக்கவைத்த நீரில் பாத்திரங்களைக் கழுவி, முளைகட்டிய பார்லியை ஊறவைத்து, வடித்த சாற்றை மரத்தொட்டியில் ஊற்றி, முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, ஈஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது வயிற்றிலிருந்து ஒரு கத்து கத்த வேண்டும். கத்தாமல் போட்டால் ஈஸ்ட் தூங்கிவிடும் என்பது இங்கே பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். வார்த்தை எதுவும் வேண்டாம், 'ஓஹோய்' என்றால் போதும். ஆஸ்லாக் வாழ்நாளில் குரல் உயர்த்தியது வருஷத்துக்கு அந்த ஒருமுறைதான். மற்ற நாட்களில் அவன் பேச்சைக் கேட்க மாடுகளே காதைத் திருப்பும்.

அந்தப் புதன்கிழமை காலையில் அவன் ராக்னாவின் பெட்டியைப் படகுத்துறைக்குச் சுமந்துபோயிருந்தான். பக்கத்துப் பண்ணை பிரிட்டாவிடம் நான்கு வருஷம் பால் கறந்தவள் ராக்னா. அக்கரையில் அவள் அண்ணி மூன்று பிள்ளைகளை விட்டுவிட்டு இறந்ததால், அண்ணன் வீட்டைப் பார்த்துக்கொள்ளக் கிளம்பினாள். நான்கு வருஷமும் அவளிடம் சொல்ல ஆஸ்லாக்குக்கு ஒரு வாக்கியம் இருந்தது. துறையில் அவள் அதற்காக நின்றாள். படகுக்காரர் இரண்டு தரம் மணியடித்தார். "பலகை வழுக்கும், பாத்துப் போங்க," என்றான் ஆஸ்லாக். அவள் பார்த்துப் போனாள். வீடு திரும்பி, ஆறிக்கொண்டிருந்த சாற்றில் ஈஸ்ட்டைப் போட்டு வாயைத் திறந்தவனுக்கு 'ஓஹோய்' வரவில்லை. 'ராக்னா' என்றுதான் வந்தது.

வெள்ளிக்கிழமை, வழக்கம்போல, புதுப் பீரை ருசி பார்த்துக் குறை சொல்ல அக்கம்பக்கத்தார் கூடினார்கள். நுரை ஏறி நின்ற தொட்டி, ஆஸ்லாக்கின் குரலில், தெளிவாக, "ராக்னா" என்றது. ஆஸ்லாக்கின் வாய் மூடியிருந்ததை ஏழு பேர் பார்த்தார்கள்.

"டேய், யாரடா உள்ள போட்டு மூடி வெச்சிருக்கே?" என்று க்னூத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு குடித்தான். இன்னொரு கிண்ணமும் கேட்டான். பீர் அவ்வளவு நன்றாக இருந்தது.

ஆனாலும் ஆஸ்லாக்குக்கு மானம் போயிற்று. கிருமி ஏறிவிட்டது என்று முடிவுகட்டினான். பெயர் ஒளிந்திருக்கும் என்று சந்தேகப்பட்ட விரிசல் பலகையை மாற்றினான். பீர் இறக்கும் குழாய்க்கட்டையை எரித்தான், வடிதுணியைப் புதைத்தான், சாம்பல்நீரில் தொட்டியை மூன்று நாள் ஊறப்போட்டான். அடுத்த கிறிஸ்துமஸுக்கும் தொட்டி கூப்பிட்டது. நுரை நிற்கும் இரண்டு நாளும், மணிக்கு இரண்டு மூன்று தடவை. "சாமானத் தேய்ச்சு என்னடா பண்ண, அது ஈஸ்ட்டுல ஊறிப்போச்சு," என்றாள் பிரிட்டா. ஈஸ்ட்டை எடுத்து அடுத்த வருஷத்துக்காகக் காயவைக்கும் மர வளையம் உத்தரத்தில் ஒன்றுமறியாததுபோலத் தொங்கியது.

1953 இலையுதிர்காலம் முழுக்க மழை. பாதி வீடுகளின் ஈஸ்ட் புளித்து நாறியது. கெட்டுப்போனால் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்வதும், அவர்களுக்குக் கெட்டால் திருப்பிக் கொடுப்பதும் இங்கே காலங்காலமாக உள்ளதுதான். வெட்கத்தை விட்டு எல்லோரும் ஆஸ்லாக்கிடம் வாங்கினார்கள். வாங்கியவர்களிடம் மற்றவர்கள் வாங்கினார்கள், அக்கரைக்குக்கூட ஒரு குப்பி போயிற்று. அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பதினோரு வீடுகள் ராக்னாவைக் கூப்பிட்டன. சரியாகக் கழுவாத க்னூத்தின் தொட்டியில் அந்தக் குரலுக்கு ஜலதோஷம் பிடித்திருந்தது. அவன் மனைவி அது புருஷன் குரல்தான் என்று சாதித்து, அவனை வைக்கோல் கொட்டகையில் படுக்கவைத்தாள். பாதிரியார் தன் தொட்டிக்குக் கம்பளி போர்த்தினார். ஒவ்வொரு வீடாக வளையத்தை அடுப்பில் போட்டுவிட்டு, கடையில் விற்கும் ஈஸ்ட்டுக்கு மாறியது. ஐந்தாறு வருஷத்தில் பள்ளத்தாக்கு சுத்தமாகிவிட்டது, ஆஸ்லாக் வீடு ஒன்றைத் தவிர.

அவன் சாமானைத் தேய்ப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தான். டிசம்பரில் அந்த இரண்டு நாள் வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் தொட்டி அருகே நாற்காலி போட்டு உட்காருவான். தன்னால் சொல்ல முடியாததைத் தொட்டி சொல்ல, அவன் கேட்டுக்கொண்டிருப்பான். மீதி முந்நூற்று அறுபத்து மூன்று நாளையும் அதை வைத்துத்தான் ஓட்டினான். அவளை நினைத்து அவனுக்கு நெஞ்சு வலித்தது. இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

1962 டிசம்பரில் தொட்டியின் இரும்புப்பட்டை துருவேறி அறுந்தது. பலகைகள் விரிந்து, சாறு முழுவதும் தரையில் ஓடி மாட்டுக்கொட்டகை வரை போனது. பதறி வளையத்தைக் காப்பாற்ற உத்தரத்தை எட்டியவன், சேற்றில் வழுக்கி, வளையத்தை மோர் வாளிக்குள் போட்டான். பீர் வடிக்கும் இடத்தில் பால் சாமான் வைக்கக்கூடாது என்று அவனுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இரவல் தொட்டியில் மறுபடி வடித்தான். மோர் நாற்றம் அடித்தது, ஒரு சத்தமும் வரவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனான்.

"நல்லது வேணாம்," என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னான். "அந்தக் கெட்ட ஈஸ்ட் ஒரு துளி மிச்சமிருந்தாப் போதும்."

யாரிடமும் இல்லை. கடைசியாகப் பிரிட்டாவிடம் வந்தான்.

"எல்லாத்தையும் எரிச்சாச்சேடா. அக்கரையிலதான் இருந்தா இருக்கும். அம்பத்திமூணுல ராக்னாவோட அண்ணன் வந்து என்கிட்ட ஒரு குப்பி வாங்கிட்டுப் போனான்."

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"நீ என்னிக்காச்சும் கேட்டியா?"

ஆஸ்லாக் அன்றே படகேறினான். இரு கரைக்கும் நடுவே கிடக்கும் கடற்கழியை, ஃபியோர்டை, கடக்க நாற்பது நிமிடம். அதற்கு அவனுக்குப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. கதவைத் திறந்த ராக்னாவுக்குக் காதோரம் நரைத்திருந்தது, கையில் ஜூனிபர் வாசம். அவன் தொப்பியைக் கழற்றினான். அந்த வாக்கியத்துக்காக வாயைத் திறந்தான். அப்போது அவளுக்குப் பின்னால், சமையலறைத் தொட்டியிலிருந்து, அன்றைய முப்பத்திரண்டு வயது ஆஸ்லாக் "ராக்னா" என்றான்.

ராக்னா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒம்பது வருஷமா கூப்பிட்டுட்டே இருக்கீங்க," என்றாள். "வர்றதுக்கு இவ்வளவு நாளா? பலகை இன்னும் காயலையா?"

"நீங்க வந்திருக்கலாமே," என்றான் அவன், தரையைப் பார்த்து.

"தொட்டி கூப்பிட்டா வந்துருவாங்களா? ஆள் வரட்டும்னு இருந்தேன்." கெட்டுப்போன ஈஸ்ட் என்று அண்ணன் இரண்டு முறை தங்கள் வீட்டு வளையத்தை அடுப்பருகே கொண்டுபோயிருந்தார். இரண்டு முறையும் பிடுங்கி, தன் பெட்டியில், ஞாயிற்றுக்கிழமை உடைக்கு அடியில் வைத்துப் பூட்டியிருந்தாள்.

கடைசிப் பிள்ளை வளர்ந்து ஆளானதும், 1964 மே மாதம், பெட்டியோடும் வளையத்தோடும் இக்கரைக்கு வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகும் ஆஸ்லாக் பேச்சு கூடவில்லை. டிசம்பரில் அவன் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்க, பக்கத்தில் தொட்டி கூப்பிடும், ராக்னா அடுப்படியிலிருந்து "வர்றேங்க" என்பாள். வந்து நுரையைப் பார்த்துவிட்டு, அவன் தோளில் கையை வைத்துவிட்டுப் போவாள். நாளடைவில் க்னூத்தின் மனைவிகூட அந்த ஈஸ்ட்டையே மறுபடி வாங்கிக்கொண்டாள். கடை ஈஸ்ட்டில் ருசி இல்லையாம்.

ஆஸ்லாக் 1981 பிப்ரவரியில் நிமோனியாவில் இறந்தான். அந்த டிசம்பரிலும் ராக்னா பீர் வடித்தாள், அக்கம்பக்கத்தார் ருசி பார்க்க வந்தார்கள். காலி நாற்காலியின் பக்கத்தில் தொட்டி "ராக்னா" என்றது. ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள். "கொஞ்சம் இருங்க, வந்துட்டேன்," என்றாள். அவள் பதில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, நாங்கள் கிண்ணங்களை நீட்டினோம்.